பொருள்: கழகத்தைத் தெருவாரியாகப் பிரிக்க வேண்டாம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். கால்பந்துக் கழகத் தலைவர் பதவி பற்றி வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். குவைத் அண்ணன் கேட்பது நியாயம்: மூன்று வருடமாகப் பொதுக்குழு கூடவில்லை, வரவு செலவு வாசிக்கவில்லை. சிங்கப்பூர் மாமா சொல்வதும் நியாயம்: கொரோனாவுக்குப் பிறகு இப்போதைய தலைவர் கைக்காசு போட்டுப் பந்தும் பூட்ஸும் வாங்கித் தராமல் இருந்திருந்தால் ஆட்டமே நின்றுபோயிருக்கும். இரண்டையும் பேசித் தீர்க்கலாம். ஆனால் நடுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. மேலத்தெருவுக்கு ஒரு கழகம், கீழத்தெருவுக்கு ஒரு கழகம், சங்கப் பணத்தைப் பாதிப் பாதியாகக் கொடுத்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்று. பலர் அதற்குச் சரி என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் வேலை பார்க்கும் மொரீஷியஸில் இது நடந்து முடிந்த கதை. இங்கே கழகங்கள் சமூகம் சமூகமாகவே வளர்ந்தன. முஸ்லிம் ஸ்கௌட்ஸ், ஹிந்து கடேட்ஸ், நம் ஆட்களுக்குத் தமிழ் கடேட்ஸ், வெள்ளைக்காரர்களுக்கு டோடோ க்ளப். ஃபயர் பிரிகேட் அணிக்குப் பின்னால் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் மக்கள். பிறகு பெயரில் மதம் இருக்கக் கூடாது என்று ஆனது. முஸ்லிம் ஸ்கௌட்ஸ் வெறும் ஸ்கௌட்ஸ் க்ளப் ஆயிற்று, ஹிந்து கடேட்ஸ் வெறும் கடேட்ஸ் ஆயிற்று. பெயர்தான் மாறியது. அரங்கில் யார் யாரோடு உட்கார்ந்தார்களோ அவர்கள் அப்படியேதான் உட்கார்ந்தார்கள். "தெருப் பெயர் வைக்காமல் பொதுப் பெயர் வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதிய தம்பி இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1999 மே 23. ஸ்கௌட்ஸும் ஃபயர் பிரிகேடும் மோதிய ஆட்டம். பெல் வ்யூவில் உள்ள அஞ்சலை அரங்கில் நடந்தது. 1943இல் கூலி உயர்வு கேட்டுப் போராடிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டபோது இறந்த கர்ப்பிணிப் பெண் அஞ்சலை கூப்பனின் பெயரைத் தாங்கிய அரங்கம் அது. ஸ்கௌட்ஸ் தோற்றது. அன்றிரவு போர்ட் லூயி நகரில் லாமிக்கால் என்ற சூதாட்ட விடுதிக்குத் தீ வைத்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட ஏழு பேர் செத்துப்போனார்கள். பந்துக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம்?

அதன் பிறகு லீக் ஆட்டங்களை நிறுத்திவைத்து, கழகங்களை ஊர்வாரியாகத் திரும்ப அமைத்தார்கள். ஏ.எஸ். போர்ட் லூயி 2000, கியூர்பீப் ஸ்டார்லைட் போன்றவை அப்படி வந்தவை. நல்ல முடிவுதான். ஆனால் பழைய கூட்டம் அரங்குக்குத் திரும்பவே இல்லை. ரோஸ் ஹில்லில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் உள்ளூர் ஆட்டம் ஒன்றையும் விடாதவராம். இன்று அவர் வீட்டில் லிவர்பூல் ஆட்டம்தான் ஓடுகிறது. பிரிந்து வளர்ந்த கழகங்களை மேலிருந்து உத்தரவு போட்டுச் சேர்க்கலாம், மக்களின் ஆசையை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது. நம் ஊரில் இன்றைக்குப் பிரித்துவிட்டுப் பத்து வருடம் கழித்துச் சேர்க்கப் பார்த்தால், சேர்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சரி, கழகத்தை எதில் ஊன்றி நிறுத்துவது? என் பதில் நம் அரசு உயர்நிலைப் பள்ளி.

கோயிலில் எந்தத் தெரு எங்கே நிற்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இருக்கிறது. மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே பெஞ்சில் உட்காருவது அந்தப் பள்ளியில் மட்டும்தான். ஒரே அணியில் ஆடுவது அதன் பின்னால் இருக்கும் திடலில் மட்டும்தான். இங்கே மொரீஷியஸில் அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, சீனம் என்று மொழி வகுப்புக்குத் தனித்தனியாகப் பிரிகிறார்கள். மணி அடித்ததும் ஒரே வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். கழகங்கள் பிள்ளைகளைப் பிரித்துவைத்த காலத்திலும் பள்ளி சேர்த்தே வைத்திருந்தது. 1977இலிருந்து இடைநிலைக் கல்வியும் இலவசம் என்பதால் ஏழைப் பிள்ளையும் அதே வகுப்பில் தொடர முடிந்தது.

அதனால்தான் இப்போதைய தலைவர் மாமாவின் திட்டம் ஒன்றும் எனக்குக் கவலை தருகிறது. நன்றாக ஆடும் பையன்களைப் பொறுக்கியெடுத்து, தாலுகா ஊரில் விடுதியோடு இருக்கும் தனியார் பள்ளியில் சங்கச் செலவில் சேர்ப்பது. அவர் எண்ணம் நல்லது, பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்றுதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பையன்கள் போய்விட்டால் பள்ளி அணி இல்லை. பள்ளி அணி இல்லையென்றால் பி.டி. சாருக்குச் சாயங்காலம் திடலில் நிற்க என்ன காரணம் இருக்கிறது? பெண் பிள்ளைகளை யாரும் நினைத்த மாதிரி தெரியவில்லை. நம் ஊரில் அவர்கள் பந்து தொடுவது பள்ளித் திடலில்தான், அதுவும் சார் நிற்பதால்தான் வீட்டில் விடுகிறார்கள். விடுதித் திட்டத்தில் அவர்களுக்கு இடமே இல்லை.

பெற்றோருக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் வந்தது. அடுத்த வருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பில் பையனைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். பந்து ஆடுகிற பையன் எல்லாரும் ஆட்டக்காரனாக ஆகப்போவதில்லை. காலில் ஒரு அடி பட்டுவிட்டால் விடுதிக் கட்டணத்தை யார் கட்டுவது, பிள்ளை எந்தப் பள்ளிக்குத் திரும்புவது?

பத்தாம் வகுப்பு வந்ததும் நம் ஊர்ப் பெற்றோர் டியூஷனுக்காகப் பிள்ளைகளின் ஆட்டத்தை நிறுத்துகிறார்கள் என்பது உண்மை. இங்கே மொரீஷியஸிலும் ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு தேர்வு வைத்து நல்ல இடைநிலைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை வடிகட்டியதால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளே டியூஷனில் கிடந்தார்கள். 2017இல் அந்த முறையை மாற்றினார்கள், ஆனாலும் டியூஷன் ஒழியவில்லை. நாம் அரசு மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுதிக்கு ஒதுக்கும் பணத்தில் பயிற்சி முடிந்ததும் பள்ளியிலேயே ஒரு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர நம் ஊரில் வேலையில்லாமல் இருக்கும் பட்டதாரிகள் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம். சுண்டலும் பாலும் கொடுக்கலாம். எந்தத் தாயும் நிறுத்தச் சொல்ல மாட்டாள்.

தலைமை விஷயம். நம் கழகம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி பதிவானது. அந்தச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. திரும்பவும் அவரையே தேர்ந்தெடுக்கத் தடையில்லை. ஆகவே தலைவர் மாமாவை யாரும் தள்ள வேண்டாம், பொதுக்குழுவைக் கூட்டினால் போதும். அதிகம் பணம் அனுப்புகிறவர்தான் தலைவர் என்ற பேச்சை மட்டும் நாம் வெளிநாட்டில் இருப்பவர்கள் முதலில் விட வேண்டும். தினமும் திடலுக்கு வர முடியாதவருக்கு அந்தப் பதவி எதற்கு? குழுவில் பி.டி. சாரும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மாரில் ஒருவரும், இரண்டு தெருவின் பழைய ஆட்டக்காரர்களும் இருக்கட்டும். பணப்பொறுப்பு ஒரு தெருவிடம் என்றால் காசோலையில் இரண்டாவது கையெழுத்து மறு தெருவிடம் இருக்கட்டும்.

பணம் அனுப்புவோர் ஒன்று கவனியுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டவர் அனுப்பினால் ஆகும், கழகத்துக்குச் சிக்கல் வரும். கனடா அக்காவும் மற்றவர்களும் அனுப்பும் முன் ஊரில் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். காணும் பொங்கல் அன்று காலை, பள்ளித் திடலிலேயே பொதுக்குழு வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்க வடக்குத் தெரு சித்தப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை பிரிக்கும் யோசனைக்கு ஓட்டெடுப்பு வேண்டாம். யார் யார் வருவீர்கள் என்று இந்த மடலுக்கே பதில் போடுங்கள். வர முடியாதவர்கள் கேட்க வேண்டிய கேள்வியை எழுதி அனுப்புங்கள், கூட்டத்தில் வாசிக்கிறேன்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து,
கீழத்தெரு தையல்காரர் வீட்டு இரண்டாவது பையன்