உப்புத்தாளில் உப்பு இல்லை: ஒரு கலைச்சொல் விவாதம்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

குழுவினர்க்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் கோயில் மண்டபச் சமையலறை அலமாரிகளுக்குப் புது வண்ணம் பூசுவதையே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் செய்முறைப் பாடமாக வைத்திருக்கிறேன். அதற்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மரத்தைத் தேய்க்கும் 'சாண்ட்பேப்பர்', அதில் ஒட்டிய துகளின் அளவைக் காட்டும் எண்ணாகிய 'கிரிட்' இரண்டுக்கும் தமிழ் வேண்டும். சென்ற முறை 'கிரிட்' என்பதைப் 'பருமை எண்' என்று நானே எழுதிக் கொடுத்தேன். எண் குறைந்தால் பருமை குறையும் என்று கொண்ட மாணவர் ஒருவர், இரண்டு பூச்சுகளுக்கு இடையே மெல்லத் தடவுவதற்கு 60 எண் தாளை வாங்கி வந்து, கதவின் நடுவே ஏர் உழுத சால்போலக் கோடுகள் இழுத்துவிட்டார். பிழை அவருடையதன்று, என் சொல்லினுடையது; எண் ஏற ஏறத் துகள் சிறுத்துக்கொண்டே போகும் என்பதுதான் முறை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

ஐயா, தமிழ்நாட்டுத் தச்சர்கள் 'உப்புத்தாள்' என்றே சொல்கிறார்கள். கல்லுப்பைத் தொட்டாற்போல விரலில் நெருடுவதால் வந்த பெயராக இருக்கலாம். வழக்கில் உயிரோடு ஒரு சொல் இருக்கும்போது புதிது எதற்கு? 'மணல்தாள்' மட்டும் வேண்டாம். இன்று விற்கும் தாள்களில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடும் சிலிக்கன் கார்பைடும்தான், மணல் அன்று. 'கிரிட்' என்பதற்குச் 'சல்லடை எண்' பொருந்தும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் உள்ள சல்லடையில் துகளைச் சலித்தார்கள் என்பதிலிருந்து வந்த கணக்குத்தானே அது.

லெனேசியாவிலிருந்து:

மணல் இல்லையென்று மணல்தாளைத் தள்ளிவிட்டு, உப்பே இல்லாத உப்புத்தாளை அம்மையார் ஏற்பது என்ன நியாயம்? 'அரம்பொருத பொன்போலத் தேயும்' என்கிறது குறள் (888). அரம் இருக்கிறது, அராவுதல் இருக்கிறது; அரை, அரி ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் துணிபு. ஆகவே 'அரத்தாள்'. துகளுக்குச் சிலம்பின் பரல் இருக்கிறது. 'பரல் எண்' என்போம். வினைத்தொகை வேண்டுவோர் 'தேய்தாள்' என்று வைத்துக்கொள்ளலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

தேய்தாளில் தேய்வது எது ஐயா, மரமா தாளா? தன்வினையாகப் பிரித்தால், பயன்படுத்தி எறிந்த பழந்தாள் என்றல்லவா பொருள்படுகிறது! பரல் என்றதும் கண்ணகியின் மாணிக்கம்தான் நினைவுக்கு வரும். 80 எண் தாளின் துகளோ ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

இருவர்க்கும் நன்றி. என் மாணவர்களுக்கு உப்புத்தாளும் அரத்தாளும் ஒன்றுபோலப் புதியவை. தச்சர் வழக்கு என்னும் வாதம் டர்பனில் செல்லாது. அவர்கள் ஹார்ட்வேர் கடைப் பொட்டலத்தில் பார்த்திருப்பது 'ஸ்கூர்பாபீர்' என்னும் ஆஃப்ரிகான்ஸ் சொல். தேய்க்கும் தாள் என்பதே அதன் பொருளும். ஆகவே 'தேய்ப்புத்தாள்' என்றால் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

எண் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. 'சல்லடை எண்' பிறப்பைச் சொல்கிறது; ஆனால் எண்ணுக்கு முன் 'P' என்று அச்சிடும் ஐரோப்பியத் தர வரிசையில் 220 வரைதான் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள், 240 முதல் நீர்மத்தில் படிய விட்டு அளக்கிறார்கள். 'பரல் எண்' எந்தத் திசையையும் காட்டவில்லை. 'நுண்மை எண்' என்றால் எண்ணும் பொருளும் சேர்ந்தே ஏறும். கையேட்டின் வரி இப்படி அமையும்: "முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவித் துடைத்து உலரவிடுக; பிசுக்கோடு தேய்த்தால் அது மரத்துக்குள் இறங்கும். வெறும் மரத்தை 120, பிறகு 180 நுண்மை எண் தாளால் இழையின் போக்கிலேயே தேய்க்க. உரியாத பழைய பூச்சாயின், பளபளப்பு மங்கும் அளவுக்கு 150 போதும். பூச்சுகளுக்கிடையே 220, கை அழுத்தாமல்." இதில் 'பரல்' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள்.

லெனேசியாவிலிருந்து:

படித்தேன். நுண்மை எண்ணை ஏற்கிறேன். தேய்ப்புத்தாள் சமையலறைப் பாத்திரம் விளக்குவதுபோல ஒலிக்கிறது. இருந்தாலும் பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

கையேடு அச்சுக்குப் போய்விட்டது: தேய்ப்புத்தாள், அடைப்புக்குறிக்குள் உப்புத்தாள், நுண்மை எண்.

லெனேசியாவிலிருந்து:

அடைப்புக்குறிக்குள் அரத்தாளுக்கும் இடம் இருந்திருக்குமே, ஐயா.