சனிக்கிழமை கொலம்போ

(கொலம்போ ஒரு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்; கசங்கிய கோட்டில் வரும் அதன் நாயகனான போலீஸ் அதிகாரியின் பெயரும் அதுதான். சனிக்கிழமை இரவு வீட்டில் சேர்ந்து அதில் ஒரு கதை பார்ப்போம். அதைப் பற்றி எங்கள் குடும்பக் குழுவில் பேசிக்கொண்டது இது.)

சனி

சித்தப்பா, இரவு 9:46: மேலூர் வந்து சேர்ந்துவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணியில் பூவை இறக்க வேண்டும், அதனால்தான் பாதியில் எழுந்து வந்தேன். மனசு அங்கேயே நிற்கிறது. அந்த ஒயின்காரர் எப்படி மாட்டினார்? யாராவது சொல்லுங்கள், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

தங்கச்சி, 9:47: வேண்டாம் சித்தப்பா! தேர்வு முடிந்து திங்கட்கிழமை ஊருக்கு வந்துதான் நான் பார்க்க வேண்டும். யாரும் சொல்லாதீர்கள்.

பெரியப்பா, 9:49: கொலை செய்தவர் யார் என்பதைத்தான் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்களே. மறைக்க என்ன இருக்கிறது தாயி?

தங்கச்சி, 9:50: எப்படி மாட்டுகிறார் என்பதுதானே பெரியப்பா கதையே. அதையும் சொல்லிவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

நான், 9:51: சரி பாப்பா, நீ ஊருக்கு வரும் வரை இந்தக் குழுவைத் திறக்காதே. சித்தப்பா பாவம், அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

தங்கச்சி, 9:51: போகிறேன். திங்கட்கிழமை பார்த்துவிட்டு மொத்தமாக வாசிக்கிறேன்.

நான், 9:53: சித்தப்பா, நீங்கள் போன பிறகு

சித்தப்பா, 9:53: நில்லு தம்பி. முதலில் நான் சொல்கிறேன், சரியா தப்பா பார். அந்த ஆள் தம்பியை அடித்து, கட்டி, ஒயின் பாதாள அறையில் போட்டுப் பூட்டினார். மூச்சு முட்டிச் சாகட்டும் என்று ஏசியையும் நிறுத்திவிட்டு நியூயார்க்குக்கு ஏலம் எடுக்கப் போய்விட்டார். வந்து உடலைக் கடலில் போட்டு, முக்குளிக்கப் போன இடத்தில் விபத்து என்று ஆக்கினார். ஏசியை நிறுத்திய இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. நடுவில் ஒரு நாள் கடும் வெயில் என்று கொலம்போ விசாரித்தார் இல்லையா? ஒயின் வெந்துபோயிருக்கும். சரியா?

நான், 9:54: சித்தப்பா! அதேதான்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

சித்தப்பா, 9:58: இருபது வருடமாக மல்லிகையோடு கிடக்கிறேன். கத்திரி வெயிலில் நம் ஊரில் 40 டிகிரியைத் தாண்டும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கரைந்து ஒரு மணி நேரம் வண்டி நின்றுவிட்டால் போதும், மொட்டு உள்ளேயே வெந்துவிடும். மேலாகப் பார்த்தால் வெள்ளையாகத்தான் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்ததும் வருகிற வாடையில் எனக்குத் தெரிந்துவிடும். அது மாதிரிதான் அந்த ஆளுக்கும் இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் என்ன ஆச்சு?

நான், 10:06: மன்னிப்புக் கேட்கிற மாதிரி கொலம்போ அவரை ஒரு பெரிய உணவகத்துக்கு விருந்துக்கு அழைக்கிறார். கூடவே அவருடைய செயலாளர் அம்மாளும் வருகிறார். சாப்பாடு முடிந்ததும் 1945-ஆம் ஆண்டுப் போர்ட் ஒயின் ஒன்று மேசைக்கு வருகிறது. ஒரு வாய்தான் குடிக்கிறார், உடனே கோபம் வந்து, இது கெட்டுப்போனது, சூட்டில் கிடந்தது என்று உணவகத்தையே ரகளையாக்கிவிடுகிறார். மற்ற யாருக்கும் அதில் வித்தியாசமே தெரியவில்லை. அந்தப் புட்டி அவருடைய பாதாள அறையிலிருந்தே கொலம்போ எடுத்து வந்தது. அந்த அறை சூடாகிக் கிடந்தது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

சித்தப்பா, 10:07: அடேயப்பா. அவர் நாக்கே சாட்சி.

நான், 10:09: அதற்குப் பிறகு வருவது இன்னும் உருக்கம். பாழான புட்டிகளை எல்லாம் அவரே ஒவ்வொன்றாகக் கடலில் வீசிக்கொண்டு நிற்கிறார். கொலம்போ வந்து பக்கத்தில் நிற்கிறார், ஒரு வார்த்தை அதட்டவில்லை. காரில் உட்கார்ந்து இரண்டு பேரும் கடைசியாக ஒரு ஒயின் குடிக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்ததும் கொலம்போதான். நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்று அவர் பாராட்டுகிறார். கொலம்போவின் முகத்தில் அப்போது வருகிற சந்தோஷம் உண்மையானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா, 10:14: அப்பத்தா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். "ஏசியை நிறுத்தும்போதே நான் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. கரண்டு போன அன்றைக்கு ஃப்ரிட்ஜில் இருந்த மாவு என்ன ஆனது? சின்னவனுக்கும் எனக்கும்தான் அது தெரியும். அந்தக் கோட்டுக்காரத் தம்பிக்கும் தெரிந்திருக்கிறது."

சித்தப்பா, 10:15: அம்மா, நீதான் முதலில் கண்டுபிடித்தாய். நான் சாட்சி.

பெரியப்பா, 10:31: கதை அருமை, ஒத்துக்கொள்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் காக்கிச் சட்டை போட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் இந்த வழக்கு நிற்காது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு, இப்போதைய 2023 பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23-வது பிரிவு. உணவகத்தில் நடந்ததும் அறை சூடானதற்குத்தான் ஆதாரம், கொலைக்கு ஆதாரம் ஆகாது.

நான், 10:33: அங்கே சட்டம் வேறு இல்லையா பெரியப்பா?

பெரியப்பா, 10:40: வேறுதான். அதனால் ரசிப்பதில் குறையில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அவர் விசாரிக்கிற விதம் அச்சு அசல். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஏட்டையா ஒருவர் இப்படித்தான். வீட்டு வாசலில் உட்கார்ந்து மாடு, கன்று, மகள் கல்யாணம் என்று பேசுவார். எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் கேட்க வேண்டியதைக் கேட்பார். எதிராளி அதற்குள் அசந்திருப்பான். கொலம்போ கதவு வரை போய்த் திரும்பி வந்து இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வருகிறது. அடிக்காமல், மிரட்டாமல் உண்மையை வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை தானாக வரும்.

ஞாயிறு

அத்தை, காலை 7:20: இரவு டியூட்டி முடிந்து இப்போதுதான் எல்லாம் வாசித்தேன். ஒயின் கதை நன்றாக இருக்கும் போலிருக்கிறது, ஆனால் எனக்கு எப்போதும் போன மாதம் பார்த்த டாக்டர் கதைதான். மருமகனே, அது எந்த வருடத்தியது?

நான், 7:24: அதுவும் ஒயின் கதை மாதிரி 1973 தான் அத்தை.

அத்தை, 7:33: இவ்வளவு பழசு என்று நம்பவே முடியவில்லை. இதய வால்வை எந்த நூலால் தைத்தார் என்பதில்தான் கொலையே இருக்கிறது. வால்வை உறுதியாக நிற்கும் நூலால்தான் தைக்க வேண்டும். கரையும் நூல் நாளாக நாளாக வலுவிழந்துவிடும், வால்வு கழன்றுகொள்ளும். வெளியே பார்த்தால் அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது, நோயாளி கொஞ்ச நாளில் தானாக இறந்துபோனார் என்றுதான் தெரியும். அதை முதலில் சந்தேகப்பட்டது யார்? தியேட்டர் நர்ஸ். அவளைத்தான் அந்த டாக்டர் கொன்றார். நூலை எடுத்துக் கொடுக்கிற கைக்குத்தான் அது தெரியும் மதினி. எங்கள் வேலையை இவ்வளவு கவனமாக ஒரு கதையில் நான் பார்த்ததில்லை.

அம்மா, 7:36: அன்றைக்கு நீ அழுதுவிட்டாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அத்தை, 7:41: அழுதேன். அதில்தான் கொலம்போவுக்கு நிஜமாகக் கோபம் வருகிறது. கூஜாவை மேசையில் ஓங்கி அடிக்கிறாரே, அந்த இடம்! எப்போதும் பணிவாகப் பேசுகிற மனிதர் ஒரு நர்ஸுக்காகப் பொங்குகிறார். அப்புறம் அந்தத் தையல் நூலைத் தேடித் தேடிக் கிடைக்காமல் போய், கடைசியில் கொலம்போ போட்டிருந்த மருத்துவமனை மேலங்கியின் பையிலிருந்தே எடுத்தது. ஆத்திரம் வந்த மாதிரி நடித்து, அவரைப் பிடித்துத் தள்ளுகிற சாக்கில் டாக்டர் அதில் போட்டிருக்கிறார். கல் மாதிரி அமைதியாக இருக்கிற ஆளுக்கு அந்த ஒரு நிமிடம் மட்டும் ஏன் கோபம் வந்தது என்று யோசித்துத்தான் கொலம்போ கண்டுபிடிக்கிறார்.

பெரியப்பா, 7:55: அது கோர்ட்டில் நிற்கும். பொருள் கிடைத்துவிட்டது.

அம்மா, 8:10: அப்பத்தா சொல்கிறார்கள்: "ஒயின்காரருக்கு நாக்கு, டாக்டருக்குக் கை. எதில் கெட்டிக்காரனோ அதிலேயே அகப்படுகிறான். அந்தத் தம்பி அதைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. ஒயின் தெரியாவிட்டால் ஒயின் கற்றுக்கொள்கிறது. எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்க அதற்கு வெட்கமே இல்லை."

சித்தப்பா, 8:12: இதை நான் கடைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

திங்கள்

தங்கச்சி, மாலை 6:48: பார்த்துவிட்டேன்!! எல்லாச் செய்தியையும் வாசித்துவிட்டேன்! சித்தப்பா, அந்த மல்லிகைச் செய்தியை மட்டும் மூன்று முறை வாசித்தேன்.

தங்கச்சி, 6:52: ஆனால் எனக்கு இன்னும் ஓவியக் கதைதான் முதல். ஓவியத்தில் கொலம்போவின் கைரேகை இருக்கிறது. அது அன்றைக்குக் கொலைகாரன் ஓவியங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கொலம்போ தொட்டுப் பார்த்ததால் வந்தது. நீ இப்போதுதான் தொட்டாய் என்று அவன் கத்துகிறான். கொலம்போ கோட்டுப் பையிலிருந்து இரண்டு கையையும் மெதுவாக எடுக்கிறார். கையுறை! ஒரு வசனம் இல்லாமல் கதை முடிகிறது. விடுதியில் நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைப் பெண்கள் ஓடி வந்தார்கள். அது 1971.

நான், 6:55: அதே வருடம் வந்த எழுத்தாளர் கதையை இயக்கியது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அப்போது அவருக்கு 24 வயது.

தங்கச்சி, 6:59: தெரியும். கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக்குக்கு ஒரு கண் கண்ணாடிக் கண் என்பது தெரியுமா? மூன்று வயதில் புற்றுநோயால் கண்ணை எடுத்துவிட்டார்கள். அந்தக் கசங்கிய மழைக்கோட்டும் அவர் சொந்தமாக வாங்கியதுதான். புடாபெஸ்ட் நகரத்தில் அவருக்கும் தொடரில் கொலம்போ வளர்க்கிற நாய்க்கும் சேர்த்து 2014-ல் சிலை வைத்திருக்கிறார்கள்.

அத்தை, 7:05: நாய்க்கும் சேர்த்தா? அதற்குப் பெயரே வைக்கவில்லையே அவர்!

சித்தப்பா, 7:08: கொலம்போ ஓட்டுகிற அந்தப் பழைய பியூஜோ காரையும் சேர்த்து வைத்திருக்கலாம். நம் பழைய அம்பாசடர் மாதிரி, எப்படியோ கடைசி வரை ஓடிவிடுகிறது.

அம்மா, 7:15: வரும் சனிக்கிழமை எங்கள் பக்கம் பராமரிப்புக்காக மின்தடை, மாலை ஐந்து மணிக்குத்தான் வரும். அதனால் ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளலாம். மாவை அன்றைக்குக் காலையில் அரைக்க மாட்டேன், இடியாப்பம்தான். அப்புறம், அப்பத்தா கேட்கிறார்கள்: "எப்போது பார்த்தாலும் வீட்டுக்காரி இப்படிச் சொன்னாள், அப்படிச் சொன்னாள் என்கிறதே அந்தத் தம்பி, இந்த வாரமாவது அவளைக் காட்டுவார்களா?"

தங்கச்சி, 7:16: அம்மா, மொத்தம் 69 கதை. ஒன்றிலும் அவர் மனைவியைக் காட்டவே மாட்டார்கள்.

அம்மா, 7:18: இதை நான் வாசித்துக் காட்டவில்லை. அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.