டோனர் விந்துக்கு ஆறு மாதம் காத்திருக்கத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தைப்_பெண்:

வணக்கம். எனக்கு 36 வயது, கணவருக்கு 41. போன மாதம் அவருடைய இரண்டாவது ரிப்போர்ட்டிலும் விந்தணு ஒன்றுமே இல்லை என்று வந்துவிட்டது. டொக்டர் ஆறுதலாகத்தான் கதைத்தார். டோனர் விந்தைப் பற்றியும் யோசியுங்கள், ஆனால் டோனர் கொடுத்ததை ஆறு மாதம் வைத்திருந்து பிறகுதான் பாவிப்பார்கள் என்றார். இந்த வயதில் ஆறு மாதம் எனக்குப் பெரிய விஷயம்.

வீட்டில் மாமிக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்கிறார், "தம்பிக்காரன் இருக்கிறான்தானே, ஏன் யாரோ ஒருத்தரிடம் போக வேண்டும்? எங்கட இரத்தம் எங்கட வீட்டிலேயே இருக்கட்டும்" என்று. தம்பியும் சரி என்று சொல்லிவிட்டாராம். என் கணவர் அதற்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

ஆறு மாதம் எதற்கு? தம்பி என்றால் காத்திருக்கத் தேவையில்லையா? பிறப்புச் சான்றிதழில் யார் பெயர் வரும்? இந்தியாவுக்குப் போனால் கெதியாக முடியுமா? லண்டனில் இருக்கும் மச்சாள் அங்கே வரச் சொல்கிறா. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாப்_அக்கா_தெஹிவளை:

தங்கச்சி, குழந்தைப்பேற்றுச் சிகிச்சை லாப் ஒன்றில் பல வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதம் நீங்கள் பெயர் பதிந்த நாளிலிருந்து எண்ணுவது அல்ல, டோனர் விந்து கொடுத்த நாளிலிருந்து எண்ணுவது. விந்து வங்கியில் ஏற்கெனவே ஆறு மாதம் கடந்து, இரண்டாவது இரத்தப் பரிசோதனையும் சரியாக வந்த சாம்பிள் இருந்தால் நீங்கள் காத்திருக்கவே தேவையில்லை. ஆகவே நாளைக்கே போன் எடுத்து, "பாவனைக்கு விடுவிக்கப்பட்ட சாம்பிள் எங்கள் இரத்த வகைக்குப் பொருந்த இருக்கிறதா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமலே மாதக்கணக்காகக் கலங்கிக்கொண்டிருந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் இதுதான். எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி போன்றவை உடம்பில் புகுந்து சில கிழமைகள் வரை இரத்தப் பரிசோதனையில் தெரியாமல் இருக்கலாம். விந்தை திரவ நைதரசனில், மறை 196 பாகையில் உறைய வைக்கிறோம். அந்தக் குளிரிலும் இந்தக் கிருமிகள் சாவதில்லை. 1985இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு மருத்துவ அறிக்கை இந்தத் துறையையே உலுக்கியது. நோய் அறிகுறி எதுவும் இல்லாத ஒரே டோனரின் உறைந்த விந்தால் நான்கு பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. அதனால்தான் சாம்பிளைப் பூட்டி வைத்து, ஆறு மாதம் கழித்து அதே டோனரைத் திரும்பக் கூப்பிட்டு இரத்தம் எடுக்கிறார்கள். கிருமியின் மரபணுவையே நேரடியாகத் தேடும் நவீன பரிசோதனை இருக்கும் நாடுகள் சிலவற்றில் இந்தக் காலத்தைக் குறைத்திருக்கிறார்கள். எப்படியானாலும் இரண்டாவது பரிசோதனை இல்லாத சாம்பிளை யாராவது "அவசரத்துக்குத் தருகிறோம்" என்றால் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

இப்போது தம்பி விஷயம். அவர் இன்றைக்குக் கொடுத்தால் அவருடைய ஆறு மாதம் இன்றைக்குத்தான் தொடங்கும். ஆகவே அது குறுக்கு வழியே இல்லை. உறவுக்காரர் என்பதால் கிருமி விலகிப் போகாது. அண்ணனுடைய குறைக்கு மரபணு காரணம் என்றால் தம்பிக்கும் அது இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். அதைவிட எனக்கு மனதில் உறுத்துவது, தாய்க்கு முன்னால் கேட்டால் எந்த மகனால் இல்லையென்று சொல்ல முடியும்? அவர் சொன்ன சரியைச் சம்மதமாக எடுக்காதீர்கள். உங்கள் கணவரின் மௌனத்தையும் அப்படி எடுக்காதீர்கள். நாளைக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லோரும் ஒரே வீட்டில் கூடுவீர்கள். அதை நினைத்து முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள் மூவரும்தான், மாமி அல்ல.

கணவரின் பரிசோதனைகள் முழுதாக முடிந்தனவா? இரண்டு ரிப்போர்ட்டோடு டோனருக்குப் போக வேண்டாம். ஹோர்மோன், குரோமோசோம், ஆண்களுக்கு மட்டும் உள்ள வை குரோமோசோமில் ஏதும் துண்டு விடுபட்டிருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். விந்து வரும் குழாயில் அடைப்பு மட்டும் என்றால் விந்தகத்துக்குள் விந்தணு உற்பத்தி நடந்துகொண்டுதான் இருக்கும், ஊசியால் எடுத்து, லாப்பில் ஒரு விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐ.சி.எஸ்.ஐ. முறையில் அவருடைய பிள்ளையையே பெறலாம். வை குரோமோசோமில் ஏ, பி பகுதிகள் முழுதாக இல்லையென்றால் அறுவை செய்தாலும் கிடைக்காது. சி பகுதி மட்டும் என்றால் வாய்ப்பு உண்டு. இதை அறிந்த யூரோலஜிஸ்ட் ஒருவரைப் பார்க்காமல் அவருடைய கதவை மூடிவிடாதீர்கள்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஃபோலிக் அசிட் 400 மைக்ரோகிராம் இன்றைக்கே தொடங்கலாம். ருபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா பாருங்கள். ஊசி போட்டால் அதன் பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனை கட்டாயம். நீங்களும் டோனரும் இருவருமே காவிகள், அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. எச்.எஸ்.ஜி., அதாவது கருப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே எடுத்து, உங்கள் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். திறந்திருந்தால் விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. போதுமாக இருக்கலாம், லாப்பில் கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப். வரை போகத் தேவைப்படாமலே போகலாம்.

சட்டம்_தெரிந்தவர்:

இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. மருத்துவ சபை 2005இல் வெளியிட்ட தற்காலிக நடத்தைக் கோவைதான் டொக்டர்மாருக்கு வழிகாட்டி. சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி, செல்லுபடியான திருமணம் நிலைக்கும்போது பிறக்கும் பிள்ளை கணவரின் பிள்ளையாகவே கொள்ளப்படும். பதிவிலும் அப்பா அவர்தான். ஆனால் அந்தப் பிரிவு எழுதப்பட்டது 1895இல், டோனரை யாரும் நினைத்துப் பார்க்காத காலம். அதனால் இருவரும் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். தெரிந்தவர் டோனர் என்றால் பிற்காலத்தில் சொத்து, உரிமை என்று பேச்சு வந்தால் அதைத் தீர்க்க நேரடியான சட்டம் இங்கே கிடையாது.

இந்தியாவில் செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் எடுக்கலாம். டோனருக்கு வயது 21 முதல் 55 வரை, ஒரு டோனரின் விந்து ஒரே ஒரு தம்பதிக்குத்தான். பிரித்தானியாவில் ஒரு டோனரிடமிருந்து பத்துக் குடும்பங்கள் வரை. அங்கே 2005 ஏப்ரல் 1க்குப் பிறகு பதிந்த டோனர் யாரென்று பிள்ளை 18 வயதில் கேட்டு அறியலாம். மச்சாள் கூப்பிடுகிறா என்றால் இதையும் யோசித்துப் போங்கள்.

பொரளைப்_பக்கம்:

காசல் வீதி மகளிர் மருத்துவமனையில் 2025இல் அரசாங்க விந்து வங்கி தொடங்கியிருக்கிறார்கள். தனியாரிடம் காசு கட்டுமுன் அங்கேயும் விசாரியுங்கள்.

மகளின்_அப்பா:

உங்கள் கணவருக்காக எழுதுகிறேன். எங்கள் மகள் டோனர் வழி வந்தவள். முடிவெடுக்கும் வரை நானும் வாய் திறக்கவில்லை. கோபம் இல்லை, வெட்கம்தான். கவுன்சலிங்கில் தனியாக இருத்திக் கேட்டபோதுதான் கதைத்தேன். அவரையும் தனியாகக் கதைக்க விடுங்கள். மகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டோம். இப்போது யாரும் எச்சிலை ஒரு டியூப்பில் அனுப்பி மரபணு உறவைக் கண்டுபிடிக்கிற காலம், வேறு யாரோ சொல்லி அவள் அறிவதை நான் விரும்பவில்லை. பாடசாலைக் கூட்டத்துக்கு அவள் கூப்பிடுவது என்னைத்தான்.

வெள்ளவத்தைப்_பெண்:

எல்லோருக்கும் நன்றி. கிளினிக்கில் கேட்டேன், விடுவித்த சாம்பிள் இருக்கிறதாம். ஆனால் லாப் அக்கா சொன்னதைக் காட்டியதும் என் கணவர் முதலில் யூரோலஜிஸ்டைப் பார்ப்போம் என்றார். தம்பியிடம் தானே கதைக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த எச்.எஸ்.ஜி. நோகுமா அக்கா?

லாப்_அக்கா_தெஹிவளை:

மாதவிடாய் வலி போல் கொஞ்ச நேரம் இருக்கும். சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். இரத்தப்போக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன்னால் செய்வார்கள், அதனால் மாதவிடாயின் முதல் நாளிலேயே அழைத்து நாள் பதியுங்கள். வலி மாத்திரையை எப்போது போடுவதென்று அப்போதே கேளுங்கள். அயடின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அன்றைக்குத் தனியாகப் போக வேண்டாம், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.