அணுக்கழிவை டெல்டா மண்ணில் புதைக்க முடியுமா?

மன்னார்குடி வாசகர்:
கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களின் கழிவை இறுதியில் எங்கே வைப்பார்கள்? எங்கள் வயல்களுக்கு அடியில் புதைத்துவிடுவார்களோ என்று ஊரில் பலர் அஞ்சுகிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கும்பகோணம் ஆசிரியர்:
ஐயா, பயன்படுத்திய எரிபொருளை முதலில் சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில் குளிரவைக்கிறார்கள். பின்னர் அதிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துவது இந்தியாவின் கொள்கை. எஞ்சும் உயர்கதிர்வீச்சுக் கழிவைப் போரோசிலிக்கேட் கண்ணாடியோடு உருக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கலன்களில் அடைக்கிறார்கள். அக்கழிவில் உள்ள கதிரியக்கப் பொருளான சீசியம்-137இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 30 ஆண்டுகள். புளூட்டோனியம்-239க்கோ சுமார் 24,000 ஆண்டுகள். அத்தனை காலம் அசையாத பாறை வேண்டும்.

நாகை வாசகர்:
டெல்டா அதற்குச் சிறிதும் பொருந்தாது. நம் காலுக்குக் கீழே இருப்பது காவிரி படியவைத்த மணலும் களிமண்ணும். அவற்றின் ஊடே நிலத்தடி நீர் நகர்கிறது, கடலோரத்தில் உவர்நீரும் ஏறுகிறது. பின்லாந்தின் ஓங்கலோவில் 400 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், கடினப் பாறையில், செப்புக் கலன்களைச் சுற்றிப் நீர் பட்டால் உப்பிக் கசிவைத் தடுக்கும் பெண்டோனைட் களிமண் நிரப்பும் முறையை வகுத்திருக்கிறார்கள். இந்தியாவில் அத்தகைய ஆழ்நிலக் களஞ்சியம் இன்னும் அமையவில்லை. என்னை உறுத்துவது அந்தத் தாமதமே.

மன்னார்குடி வாசகர்:
நன்றி. அதுவரை அந்தக் கண்ணாடிக் கலன்கள் எங்கே இருக்கும்?

கும்பகோணம் ஆசிரியர்:
மகாராஷ்டிரத்தின் தாராப்பூர் அணுசக்தி வளாகத்தில் உள்ளதைப் போல, இயற்கைக் காற்றோட்டத்தால் குளிரும் கண்காணிப்புக் கிடங்குகளில்.