உண்ணிக் காய்ச்சல்: மாத்திரைக்குப் பதில் மூலிகை போதுமா?

கேள்வி: எங்கள் நாய்க்கு எர்லிக்கியா (உண்ணிக்கடியால் பரவும் ஒரு பாக்டீரியா) தொற்று உறுதியானதால், மருத்துவர் 28 நாள்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதித் தந்தார். சில நாள்களிலேயே அது நன்றாக உண்ணத் தொடங்கிவிட்டது. இனி மாத்திரையை நிறுத்திவிட்டுப் பப்பாளி இலைச்சாறும் பூண்டும் கொடுக்கலாமா?

மறுமொழி 1: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். காய்ச்சல் தணிந்த பிறகும் கிருமி மண்ணீரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்து எலும்பு மச்சையையே முடக்கி, இரத்த அணுக்கள் அனைத்தையும் குறைத்துவிடக்கூடும். பூண்டு வேண்டவே வேண்டாம். அது நாய்களின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மறுமொழி 2: பப்பாளி இலைச்சாற்றைத் தட்டணுக்களுக்காகச் சிலர் துணையாகத் தருவதுண்டு, ஆனால் அது கிருமியைக் கொல்லாது என்பதால் மருத்துவரிடம் கேட்ட பின்பே கொடுங்கள். மாத்திரையை உணவோடு கொடுத்தால் வாந்தி குறையும்.

மறுமொழி 3: உண்ணி பரப்பும் மற்றோர் ஒட்டுண்ணியான பேபிசியாவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார்களா? அதற்கு டாக்சிசைக்ளின் மட்டும் போதாது. இமிடோகார்ப் போன்ற வேறு மருந்து தேவைப்படும்.