செந்தோசாவில் தனியே ஒரு நாள்: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் வசிக்கும் நான், அடுத்த மாதம் சிங்கப்பூரிலுள்ள தங்கையிடம் செல்லும்போது, அவள் வேலைக்குப் போகும் ஒரு வெள்ளிக்கிழமையில், செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குத் தனியாகப் போகவிருக்கிறேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் திருவிழாவில் அப்பாவின் மடியிலிருந்து ராட்டினம் சுற்றிய நாள்முதல் இந்த ஆசை என்னை விடவில்லை. அங்குள்ள 'பட்டில்ஸ்டார் கலக்டிகா' ரோலர் கோஸ்டரில், ஒரு தடத்தில் இருக்கையில் அமர்ந்தும் மறு தடத்தில் கால்கள் அந்தரத்தில் தொங்கவும் இரண்டு வண்டிகள் 42 மீற்றருக்கும் மேல் ஏறிப் பாய்கின்றன. காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதன் வளைவுகளைத் தென்னை ஈர்க்கிலும் நூலிலும் கட்டி என் மேசையில் வைத்திருக்கிறேன். கால் தொங்கும் தடத்தின் சுருள் மட்டும் மூன்று முறை முறிந்து, ஈர்க்கை நனைத்து வளைத்த பின்னரே நின்றது.

பையையும் கைத்தொலைபேசியையும் பெட்டகத்தில் வைத்துவிட்டே அதில் ஏற வேண்டும். ஆனால் மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. தலைக்குப் பின்னால் பட்டியால் இறுகக் கட்டிய கண்ணாடியுடன் ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தனியாக வருவோருக்கான வரிசையில் உண்மையிலேயே காத்திருப்பு குறைந்ததா? முதன்முறை ஏறுபவர் எந்தத் தடத்தில் தொடங்குவது நல்லது? உள்ளே மரக்கறிச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதையும், போய்வந்த அக்காமார், அண்ணாமார் தயவுசெய்து எழுதுங்கள்.