பிளேட்டோ சொல்லும் “தன் வேலையைச் செய்தல்” எங்கட குலத்தொழில்தானா? வாசிப்பு வட்டத்துக்கு உதவி தேவை

குளக்கட்டு:

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாசிகசாலையில ஆறு ஞாயிற்றுக்கிழமை பிளேட்டோவின்ர ‘குடியரசு’ வாசிக்க இருக்கிறம். பன்னிரண்டு பேர். பாதிப்பேர் உயர்தரத்தில அரசியல் விஞ்ஞானம் எடுக்கிற பிள்ளையள். மிச்சம் வயல் செய்யிற ஆக்களும் ரெண்டு ஆசிரியர்மாரும். ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் கிடைக்கும்.

மூண்டு கேள்வி இருக்கு. பத்துப் புத்தகத்தையும் ஆறு நாளில முடிக்க ஏலாது, எதை விடலாம்? அடுத்தது தான் தலையிடி. நாலாம் புத்தகத்தில, நீதி எண்டால் அவரவர் தன்ர வேலையைச் செய்து மற்றவையின்ர வேலைக்குள்ள தலைபோடாமல் இருக்கிறது எண்டு வருது. வட்டத்தில இருக்கிற ஒரு ஐயா இதைக் கேட்டவுடன, “இது குலத்தொழில் தானே தம்பி, இதுக்குக் கிரேக்கம் வரைக்கும் போகவேணுமோ?” எண்டார். அவருக்கு என்ன பதில்? கடைசியா, சிறுபோகத் (மழை குறைஞ்ச காலத்துப் பயிர்) தண்ணிப் பங்கை உதாரணமா வைக்கலாமா, இல்லாட்டி அது சண்டையில போய் முடியுமா?

பாலைமரம்:

அந்த ஐயாவின் கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள். இந்த நூலுக்குள் போவதற்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆனால் நூலின் ஓரத்தில் இருக்கும் 433ஆம் இலக்கத்தோடு வாசிப்பை நிறுத்தினால் அவர் சொன்னதே சரி என்று முடிந்துவிடும். 434ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

அங்கே சோக்கிரட்டீஸ் இப்படிக் கேட்கிறார்: தச்சர் செருப்புத் தைக்கப் போனால், செருப்புத் தைப்பவர் தச்சு வேலைக்குப் போனால், இருவரும் உளியையும் ஊசியையும் மாற்றிக்கொண்டால், அல்லது ஒருவரே இரண்டையும் செய்தால், நகரத்துக்குப் பெரிய கேடு வருமா? பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார் அவரோடு பேசும் கிளோக்கோன். குலத்தொழில் முறையின் உயிரே அந்த மாற்றத்தைத் தடுப்பதில்தான் இருக்கிறது. பிளேட்டோவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் பயப்படுவது வேறொன்றுக்கு: காசு சேர்த்தவர் காசின் பலத்தில் படைக்குள் நுழைவது, படையில் இருப்பவர் தகுதி இல்லாமல் ஆட்சிக் கதிரையில் ஏறுவது. கிமு 404இல் ஏதென்ஸ் போரில் தோற்றபின் முப்பது பேர் ஆட்சியைப் பிடித்து ஆட்களைக் கொன்று சொத்துப் பறித்தார்கள். அதில் முன்னுக்கு நின்ற கிரிற்றியாஸ் பிளேட்டோவின் தாய்வழி உறவு. அவர்களை விரட்டி மீண்ட மக்களாட்சிதான் 399இல் பிளேட்டோவின் ஆசான் சோக்கிரட்டீசுக்கு நஞ்சு கொடுத்தது. இரண்டு பக்கத்திலும் அடிபட்ட மனிதர் எழுதுகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 415, உலோகக் கதை. ஆள்பவருக்குள் பொன், காவல் செய்பவருக்குள் வெள்ளி, கமக்காரருக்கும் கைவினைஞருக்கும் இரும்பும் வெண்கலமும் கலந்திருக்கிறதாம். இந்த இடத்தில்தான் எல்லாரும் புத்தகத்தை மூடுவார்கள். மூடவேண்டாம். அடுத்த வரியிலேயே ஆள்பவர்களுக்கு ஒரு கட்டளை வருகிறது: உங்கள் பிள்ளைக்குள் வெண்கலம் இருந்தால் இரக்கம் பார்க்காமல் கமக்காரரோடு சேர்த்துவிடுங்கள், கமக்காரரின் பிள்ளைக்குள் பொன் இருந்தால் மேலே எடுங்கள்.

மூன்றாவது 416, 417. நம்மிடையே மேலே இருந்தவர்களிடம்தான் காணியும் இருந்தது. இவருடைய நகரத்தில் மேலே இருப்பவர்களுக்குச் சொந்தக் காணி இல்லை, பூட்டி வைக்க வீடு இல்லை, பொன் வெள்ளியைத் தொடவும் கூடாது. எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பாடு. ஒரு வருடத்துக்கு மிஞ்சாமலும் குறையாமலும் மற்றக் குடிகள் படியளப்பார்கள். காணி வைத்திருப்பவர் கமக்காரர்தான்.

இதோடு பிளேட்டோவைக் குளிப்பாட்டி எடுத்துவிட்டோம் என்று நினைக்கவும் கூடாது. பெரும்பாலும் தாய் தகப்பனைப் போலவே பிள்ளை பிறக்கும் என்று அதே இடத்தில் சொல்கிறார். மூன்றாம் பிரிவின் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு என்று எங்கேயும் விரித்துச் சொல்லவில்லை. அப்படியிருக்க, வயல்காரரின் பிள்ளைக்குள் பொன் இருப்பதை யார் எப்படிக் கண்டுபிடிப்பது? 460இல் யாருக்கு யார் சோடி என்பதை ஆள்பவர்கள் சீட்டுக் குலுக்கித் தீர்க்கிறார்கள், அந்தச் சீட்டிலும் ஏமாற்று இருக்கிறது. தத்துவஞானி கார்ல் பொப்பர் 1945இல் பிளேட்டோவைக் கடுமையாகத் தாக்கியதற்கு இந்த மாதிரிப் பக்கங்கள் முக்கிய காரணம். ஐயாவின் சந்தேகத்தில் அரைவாசி நியாயம் உண்டு. அதை ஒத்துக்கொண்டு பேசினால்தான் மற்ற அரைவாசியை அவர் கேட்பார்.

மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. ‘தன் வேலை’யைத் ‘தன் தருமம்’ என்று ஆக்கிவிட்டால் சாதி வாடை தானாக வந்துவிடும். அங்கே அளவுகோல் ஆளின் இயல்பு, எதற்கு ஏற்றவர் என்பது. பிறப்பு அல்ல. ஐயா நம்பாவிட்டால் 454ஐக் காட்டுங்கள்: மொட்டைத் தலையர் செருப்புத் தைத்தால் முடியுள்ளவர் தைக்கக்கூடாதா என்று கேட்டு, ஆண் பெண் வேறுபாடும் ஆட்சி வேலைக்கு அவ்வளவுதான் முக்கியம் என்கிறார்.

ஏட்டுச்சுவடி:

பாலைமரம் சொன்ன இலக்கங்கள் பக்க இலக்கம் இல்லை, அதை முதல் நாளே பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. 1578இல ஸ்டெபானுஸ் அச்சடிச்ச பதிப்பின்ர இலக்கங்கள் அவை. பெரும்பாலான நல்ல மொழிபெயர்ப்புகளில ஓரத்தில போட்டிருக்கும். ‘குடியரசு’ 327இல தொடங்கி 621இல முடியுது. பன்னிரண்டு பேரிட்ட நாலு விதமான போட்டோக்கொப்பி இருந்தாலும் இலக்கத்தைச் சொன்னால் எல்லாரும் ஒரே இடத்தில நிப்பினம். இலக்கம் இல்லாத சுருக்கப் பதிப்பை எடுக்காதேங்கோ. வெட்டினது எதை எண்டு தெரியாது.

முதல் நாள் 327 தொடக்கம் 354. கெபலஸ் கிழவர் (உண்மை பேசி, வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிறது நீதி), மகன் பொலிமார்க்கஸ் (நண்பனுக்கு நன்மை, பகைவனுக்குத் தீமை), பிறகு திராசிமாக்கஸ் (வலியவனுக்கு லாபமானது தான் நீதி). எல்லா வட்டமும் இதில தான் சறுக்கும். திராசிமாக்கஸ் பேசினவுடன நாட்டு நடப்பு எல்லாம் மேசைக்கு வந்து, ரெண்டு கிழமை அதிலேயே போயிடும். ஒரு நாளுக்கு மேல குடுக்காதேங்கோ. அவருக்கான உண்மையான பதில் முதலாம் புத்தகத்தில இல்லை, ஒன்பதாம் புத்தகம் வரைக்கும் நீளுது.

ரெண்டாம் நாள் 357 – 376. கைகீஸ் மோதிரம் (போட்டவர் கண்ணுக்குத் தெரியாமல் போற மோதிரத்தின்ர கதை), பிறகு முதல் நகரம். அந்த நகரத்தைக் கரும்பலகையில கட்டிக் காட்டுங்கோ: கமக்காரர், வீடு கட்டுறவர், நெய்யிறவர், செருப்புத் தைக்கிறவர், நாலைஞ்சு பேர் போதும் எண்டு தொடங்கி தச்சர், கொல்லர், மேய்ப்பர், வியாபாரி எண்டு ஒவ்வொருத்தரா ஏன் கூடுகினம் எண்டு கேளுங்கோ. கட்டிலும் கறியும் வாசனைத் திரவியமும் கேட்டவுடன காணி பத்தாமல் போகுது, பக்கத்துக் காணியில கண் விழுது, போர் வருது. காவல்காரர் தேவைப்படுகிறதே அதுக்குப் பிறகு தான். இந்த வரிசை தெரியாட்டி நாலாம் புத்தகம் விளங்காது.

376 – 411 கதை, பாட்டு, உடற்பயிற்சி பற்றினது. மனமில்லாமல் தான் சொல்லுறன், விடுங்கோ. மூண்டாம் நாள் 412 – 445. நாலாம் நாள் 449 – 480. அஞ்சாம் நாள் கப்பல் உவமை 488, பிறகு குகை (நிழலை உண்மை எண்டு நம்பியிருக்கிற ஆக்களின்ர உவமை), பிறகு ஆட்சியாளரின்ர படிப்பு, 541 வரைக்கும். படிப்பை ஆக்கள் இலேசா எடுப்பினம், வருஷத்தைக் கூட்டிக் காட்டுங்கோ: இருபது வயசில ஒரு தெரிவு, பத்து வருஷம் கணிதப் பாடங்கள், முப்பதில இன்னொரு தெரிவு, அஞ்சு வருஷம் தருக்கம், பதினைஞ்சு வருஷம் குகைக்குள்ள இறங்கிப் பதவி வேலை. அம்பது வயசில தான் ஆட்சிக்கு முறை வரும். ஆறாம் நாள் 543 – 592. பத்தாம் புத்தகம் வேண்டாம்.

மூண்டாம் நாள் நடக்கிற பிழை ஒண்டு இருக்கு. நகரத்தின்ர நீதியை மட்டும் எடுத்து, உள்ளத்தின்ர மூண்டு பகுதியை (அறிவு, வீறு, ஆசை) நேரமில்லை எண்டு விடுவினம். கேள்வியே “நீதியான ஆள் யார்?” எண்டது தான். நகரம், சின்ன எழுத்தைப் பெரிசாக்கி வாசிக்கிறதுக்கு அவர் கொண்டு வந்த பலகை. உள்ளத்தை விட்டால், மிச்சம் இருக்கிறது ஐயா சொன்ன குலத்தொழில் தான்.

துருசடி:

தண்ணியைத் தாராளமா எடுங்கோ. ஆனால் பிளேட்டோவின்ர ‘குடியரசு’க்கு அது பொருந்தாது, அரிஸ்டோட்டிலுக்குத் தான் பொருந்தும். ‘நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்’ அஞ்சாம் புத்தகம், பகிர்வு நீதியும் (பொதுவில இருக்கிறதை எப்படிப் பங்கிடுறது) திருத்த நீதியும் (பிழையா எடுத்ததை எப்படிச் சரிப்படுத்துறது).

பலகையில இப்படிப் போடுங்கோ. மூண்டு குடும்பம். காலபோகத்தில 2, 4, 6 ஏக்கர் செய்யினம், மொத்தம் 12. குளத்தில இருக்கிற தண்ணி சிறுபோகத்துக்கு 6 ஏக்கருக்குத் தான் காணும். காணி அளவுக்குப் பிரிச்சால் 1, 2, 3. குடும்பத்துக்குச் சமனாப் பிரிச்சால் 2, 2, 2. வாய்க்கால் துப்பரவுக்கு முதல் குடும்பம் மூண்டு நாள், அடுத்தது ரெண்டு நாள், கடைசிக் குடும்பம் ஒரு நாள் வந்தது எண்டு வையுங்கோ: 3, 2, 1. மூண்டிலயும் விகிதக் கணக்குச் சரி. பிழைக்கிறது எதன்படி விகிதம் எண்டதில. அரிஸ்டோட்டில் சொல்லுறதும் இது தான்: பங்கு தகுதிக்கு ஏற்ப இருக்கவேணும் எண்டு எல்லாரும் ஒத்துக்கொள்ளுவினம், எது தகுதி எண்டதில தான் அடிபடுவினம். சிலராட்சிக்காரர் செல்வம் எண்டுவினம், மக்களாட்சிக்காரர் சுதந்திரக் குடி எண்டது போதும் எண்டுவினம், இன்னும் சிலர் நற்பண்பு எண்டுவினம். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில நடக்கிற வாக்குவாதத்தைப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ, ஒரு சொல்லும் மாத்தத் தேவையில்லை.

திருத்த நீதிக்குக் கணக்கு வேற. ரெண்டு பேருக்கும் 5 மணித்தியாலம் தண்ணி முறை. ஒருத்தர் இரவில வாய்க்காலை மறிச்சு மற்றவரின்ர 2 மணித்தியாலத்தை எடுத்திட்டார். இப்ப 7உம் 3உம். வித்தியாசம் 4 எண்டு பார்த்து, நாலைத் திருப்பித் தா எண்டு கேக்கிறது வழமையான பிழை. எடுத்தது 2, திருப்பிக் குடுக்கிறதும் 2, ரெண்டு பேரும் 5க்கு வருவினம். நீதிபதி நடுப்புள்ளியைத் தேடுறவர் எண்டு அரிஸ்டோட்டில் சொல்லுறது இதைத் தான். இங்க ஆர் பெரிய ஆள், ஆர் நல்லவர் எண்டு பார்க்கிறதில்லை. நல்லவர் கெட்டவரிட்ட எடுத்தாலும் கணக்கு ஒண்டு தான்.

பிளேட்டோவும் தண்ணி பற்றி எழுதியிருக்கிறார், ஆனால் கிழ வயசில எழுதின ‘சட்டங்கள்’ எண்ட நூலில. 844ஐ வயல் செய்யிற ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ, நித்திரை கொள்ளமாட்டினம். பொது ஓடையில இருந்து தண்ணி கொண்டுபோகலாம், ஆனால் வீடு, கோயில், கல்லறைக்குள்ளால வெட்டக்கூடாது, வாய்க்கால் வெட்டுறதுக்கு மேல சேதமும் செய்யக்கூடாது. வறண்ட நிலமெண்டால் களிமண் தட்டும் வரைக்கும் கிண்டிப் பார்க்கவேணும், அதுக்கும் வராட்டி அயலாரிட்ட வீட்டுக்குக் குடிக்கிற அளவு வாங்கலாம். மேல்காணிக்காரர் மழைத்தண்ணியைக் கவனமில்லாமத் திறந்து கீழ்காணிக்காரருக்குச் சேதம் செய்யக்கூடாது. கீழ்காணிக்காரர் வடியிற தண்ணிக்கு வழி விடாமலும் இருக்கக்கூடாது. அதிகாரி சொன்ன தீர்ப்பை மீறினால் பொறாமைக்கும் சிடுசிடுப்புக்கும் வழக்கு, சேதத்தைப் போல ரெண்டு மடங்கு கட்டவேணும். பொறாமைக்கு வழக்கு! எங்கட பக்கம் வந்தால் நீதிமன்றம் நிரம்பி வழியும்.

இரணைமடுக் குளத்துத் தண்ணி யாழ்ப்பாணத்துக்குப் போறது பற்றின கதை கட்டாயம் வரும். அதைக் கடைசி இருபது நிமிஷத்துக்கு ஒதுக்கி வையுங்கோ. அதுக்கு முதல் விகிதக் கணக்கை முடிச்சால், ஆர் எந்தத் தகுதியைச் சொல்லுகினம் எண்டு அவையே ஒருத்தரை ஒருத்தர் பிடிப்பினம்.

குளக்கட்டு:

மெத்தப் பெரிய உதவி. 1, 2, 3 – 2, 2, 2 – 3, 2, 1 பலகையை அப்படியே எடுக்கிறன். அப்ப ஐயாவுக்கு, பிளேட்டோவை விட அரிஸ்டோட்டில் எங்களுக்குக் கிட்ட எண்டு சொல்லலாமோ?

பாலைமரம்:

சொல்லாதீர்கள், தம்பி. ஐயா ‘அரசியல்’ நூலை எடுத்துப் பார்த்தால் மாட்டுப்படுவீர்கள். ஏழாம் புத்தகத்தில் அரிஸ்டோட்டில் வரையும் சிறந்த நகரத்தில் கமக்காரருக்கும் கைவினைஞருக்கும் குடியுரிமையே இல்லை. நற்பண்புக்கும் அரசியலுக்கும் ஓய்வு வேண்டும், உழுபவருக்கு அது இல்லை என்பது காரணம். வயலில் இறங்குபவர் அடிமையாக இருந்தால் நல்லது என்றும் எழுதுகிறார். பிளேட்டோவின் இரும்புக்காரர் குடிமகன், காணிக்காரர். அரிஸ்டோட்டிலின் நகரத்தில் துருசடி சொன்ன அந்த மூன்று குடும்பமும் கணக்குக்குள்ளேயே வராது. தகுதி எது என்ற கேள்விக்கு முன்னால், யார் அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை அவர் சத்தமில்லாமல் தீர்த்துவிடுகிறார்.

ஏட்டுச்சுவடியின் திட்டத்தில் ஆறாம் நாள் மிஞ்சும் நேரத்துக்குப் பிளேட்டோவின் ‘சட்டங்கள்’ 745ஐ வையுங்கள், அங்கே ஒரு புது நகரத்தின் காணியைப் பிரிக்கிறார். 5040 குடும்பம், அந்த எண் 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் மீதியில்லாமல் பிரிபடும், பன்னிரண்டாலும் பிரிபடும் என்பதற்காகவே எடுத்தது. ஒவ்வொரு பங்கையும் இரண்டு துண்டாக்குகிறார். நகரத்துக்கு மிகக் கிட்ட உள்ள துண்டும் எல்லையில் உள்ள துண்டும் ஒரு குடும்பத்துக்கு, அடுத்த கிட்டத் துண்டும் எல்லையிலிருந்து இரண்டாவது துண்டும் அடுத்த குடும்பத்துக்கு. மண் மோசமென்றால் பரப்பைக் கூட்டிக் கொடுக்கிறார். வாய்க்காலின் தலைப்பில் ஒரு துண்டு, கடைசியில் ஒரு துண்டு என்று ஒரு வயல் வரைபடத்தில் கீறிக் காட்டச் சொல்லுங்கள். ஐயாவையே கீறச் சொன்னால் இன்னும் நல்லது.